டன்பிரிட்ஜ்காரனைத் தேடி

லண்டன் விக்டோரியாவில் ரயிலேறி, ஹேவர்ட்ஸ் ஹீத்தில் இறங்கி, பஸ் பிடித்து வேக்ஹர்ஸ்ட் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது நசநசவென்று தூறல். கூட வந்த நண்பனுக்கு எரிச்சல். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். நான் பார்க்க வந்தது சவ்வுபோல மெல்லிய இலை கொண்ட ஒரு சின்னப் பெரணிச் செடி (ஃபெர்ன்). அதற்கு ஈரம்தான் உயிர்.

பள்ளத்தாக்கின் ஓரமாக மணற்பாறைகள். ஏறக்குறைய 14 கோடி ஆண்டு வயது. யூ மரத்து வேர்கள் பாறைமேல் பாம்புபோல வழிந்து இறங்குகின்றன. பாசி, ஈரற்பாசி, லைக்கன், இந்த வகைப் பெரணி இவற்றுக்கென்றே பிரான்சிஸ் ரோஸ் என்ற தாவரவியலாளர் பெயரில் இங்கே ஒரு காப்பிடம் இருக்கிறது. பூக்காத செடிகளுக்கு இவ்வளவு மரியாதை!

நிழல்பட்ட ஒரு வெடிப்பில் பாசி என்று நினைத்துத் தாண்டிப் போன திட்டுதான் அது. விரல் நீளம்கூட இல்லை. தொடாமல் போன் டார்ச்சை அடித்தேன். வெளிச்சம் இலையை ஊடுருவிப் பச்சையாக மறுபக்கம் வந்தது. பள்ளிக்கூடத்தில் வெங்காயத் தோலை உரித்து நுண்ணோக்கியில் பார்த்தோமே, அதே கதைதான்: நரம்பை விட்டால், இலையின் தடிமன் ஒரே ஒரு செல். இலைத்துளைகளும் கிடையாது. தண்ணீரை இலைப்பரப்பாலேயே உறிஞ்சும். காற்று காய்ந்தால் சுருண்டுவிடும்.

பெயர் ஹைமெனோஃபில்லம் டன்பிரிஜென்ஸ். கிரேக்கத்தில் ஹைமென் சவ்வு, ஃபில்லான் இலை. சவ்விலை! இதைவிடப் பொருத்தமாக யாராலும் பெயர் வைக்க முடியாது. பின்பாதி, நாம் மதுரைக்காரன் என்பதுபோல, டன்பிரிட்ஜ்காரன். பக்கத்து டன்பிரிட்ஜ் வெல்ஸைச் சொல்கிறது. 1753இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் இதை டிரைக்கோமேனிஸ் என்ற பேரினத்தில் வைத்தார். 1793இல் ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஜேம்ஸ் எட்வர்ட் ஸ்மித் இப்போதைய வீட்டுக்கு மாற்றினார். முன்பாதி மாறியும் ஊர் ஒட்டிக்கொண்டது. ஆனால் ஊர்ப்பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் இருக்கும் ‘d’ மட்டும் செடியின் பெயரில் இல்லை.

அந்த ஊர்தான் எனக்கு உறுத்தல். மழை கொட்டும் வேல்ஸ், மேற்கு ஸ்காட்லாந்து, அயர்லாந்துப் பக்கம் இது தாராளமாக வளர்கிறது. வறண்ட தென்கிழக்கில், இதுபோன்ற பாறை இடுக்குகளில் ஒண்டிப் பிழைக்கிறது. பெயர் என்னவோ இந்த ஊருக்கு.

“இதுக்காடா அரை நாள் லீவு போட்ட?” என்றான் நண்பன். டார்ச்சை அவன் கையில் கொடுத்தேன். ஐந்து நிமிடம் ஆகியும் திருப்பித் தரவில்லை.