வாய்க்கால் மேட்டுக்கும் வால்பாறைச் சாலைக்கும் ஒரே சைக்கிள்

சனிக்கிழமை காலையில் பொள்ளாச்சியிலிருந்து கிளம்பி பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் மேட்டின் மண்பாதையில் இரண்டு மணி நேரம் ஓட்டுவதும், ஞாயிற்றுக்கிழமை அதே சைக்கிளில் ஆழியாறு வரை தார்ச்சாலையில் போய், உடம்பு இடங்கொடுத்தால் வால்பாறைப் பாதையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் முடிந்தவரை ஏறிவிட்டுத் திரும்புவதும் என் வழக்கம். இந்த இரண்டுக்கும் ஒரே கிராவல் சைக்கிள்தான்; மண்பாதைக்கும் தாருக்கும் ஏற்ற, அகலமான டயர் போடக்கூடிய வகை. அதற்கு இன்று இரண்டு ஜோடி சக்கரங்கள் வைத்திருக்கிறேன். ஒரு தவறான கொள்முதலுக்குப் பிறகுதான் இந்த இரண்டும் சரியாக அமைந்தன. இதே குழப்பத்தில் இருப்பவர்கள் அடிக்கடி என்னிடம் கேட்பதால், நான் எப்படி முடிவெடுத்தேன் என்பதை விரிவாகவே எழுதுகிறேன்.

சக்கரம் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் எடையையும் ரிம்மின் உயரத்தையும் பார்த்துத்தான் தொடங்குகிறார்கள். முதலில் முடிவு செய்ய வேண்டியது டயர் என்பது என் உறுதியான கருத்து. என் ஃபிரேமில் 45 மி.மீ. டயர் வரை நுழையும் என்று தயாரிப்பாளர் சொன்னாலும், மழைக்காலத்தில் களிமண் ஒட்டினால் சக்கரம் சுற்றுவதற்கு இரு பக்கமும் 4 மி.மீ. இடைவெளியாவது வேண்டும் என்பதால் மண்பாதைக்கு 42 மி.மீ. டயர் என்று வைத்துக்கொண்டேன். தாருக்கு 32 மி.மீ. போதும். இந்த இரண்டு எண்களும் கையில் கிடைத்த பிறகு, ரிம்மின் உள் அகலத்தைத் தீர்மானிப்பது எளிதாகிவிட்டது. 19 மி.மீ. உள் அகலமுள்ள ரிம்மில் 42 மி.மீ. டயரைப் போட்டால், அது அடியில் ஒடுங்கி மேலே பருத்து நிற்கும். காற்றைக் குறைத்து ஓட்டும்போது திருப்பங்களில் டயர் பக்கவாட்டில் மடிந்து, பின்சக்கரம் நம் காலடியிலிருந்து நழுவுவது போன்ற ஓர் உணர்வைத் தரும். உள் அகலம் ஒரு மி.மீ. கூடினால் டயரின் உண்மையான அகலம் பொதுவாக 0.4 மி.மீ. அளவுக்குக் கூடுகிறது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். டயரில் அச்சிட்டிருக்கும் எண்ணை மட்டும் நம்பி ஃபிரேமில் இடம் பார்த்தால் ஏமாற்றம்தான். 23 மி.மீ. உள் அகலம் என் இரண்டு டயர்களுக்கும் இடைஞ்சல் இல்லாமல் பொருந்துகிறது. ஒரே ஒரு ஜோடிதான் வாங்க முடியும் என்று இருப்பவர்களுக்கும் இதே 23 மி.மீ. ரிம்மைத்தான் சொல்வேன்.

மண்பாதை ஜோடிக்கு வழக்கமான 700சி அளவுக்குப் பதில் சற்றுச் சிறிய 650பி அளவு எடுக்கலாமா என்று பல வாரங்கள் யோசித்தேன். 700சி ரிம்மில் டயர் அமரும் விட்டம் 622 மி.மீ.; 650பி ரிம்மில் அது 584 மி.மீ. சிறிய ரிம்மில் 47 மி.மீ. டயர் போட்டால் மொத்த விட்டம் 678 மி.மீ. வரும், பெரிய ரிம்மில் 28 மி.மீ. டயர் போட்டாலும் அதே 678 மி.மீ. தான் வரும். தார்ச்சாலையின் கியர் விகிதமும் கையாளும் தன்மையும் மாறாமல் கொழுத்த டயர் கிடைக்கிறது என்பதே இந்த அளவின் அழகு. ஆனால் என் 42 மி.மீ. டயரோடு ஒப்பிட்டால் பெடல் தரையிலிருந்து 14 மி.மீ. தாழ்ந்துவிடும். வாய்க்கால் மேட்டில் மாட்டுவண்டித் தடங்கள் ஆழமாகப் பதிந்த இடங்களில் எனக்கு அந்த 14 மி.மீ. வேண்டும். மேலும் 650பி டயர் கிழிந்தால் இணையத்தில் வரவழைத்து வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 700சி என்றால் அவசரத்துக்கு ஹைபிரிட் சைக்கிள்களுக்கான 35 மி.மீ. டயராவது ஊர்க் கடையில் கிடைத்துவிடும்.

இந்த அவசர டயர்தான் ஹூக்லெஸ் ரிம்மைத் தவிர்ப்பதற்கும் எனக்குக் காரணமாக அமைந்தது. ஹூக்லெஸ் ரிம்மின் உள்விளிம்பில் டயரைக் கவ்விப் பிடிக்கும் கொக்கி இருக்காது. தரவிதிப்படி அதில் 5 பார் அழுத்தத்துக்கு மேல், அதாவது 72.5 பி.எஸ்.ஐ.க்கு மேல் காற்றடிக்கக் கூடாது; அதற்கென்று அனுமதிக்கப்பட்ட டியூப்லெஸ் டயரைத் தவிர வேறொன்றைப் போடவும் கூடாது. என் 68 கிலோ எடைக்கு 32 மி.மீ. டயரில் 50 பி.எஸ்.ஐ. தான் அடிக்கிறேன் என்பதால் முதல் கட்டுப்பாடு என்னைப் பாதிக்காது. இரண்டாவது பாதிக்கும். ஊர்க் கடையில் தொங்கும் சாதாரண டயரையும் டியூபையும் மாட்டிக்கொண்டு வீடு வந்து சேரும் வழி எனக்குத் திறந்திருக்க வேண்டும். ஆகவே கொக்கியுள்ள ரிம்தான் வாங்கினேன்.

அதே நேரம் டியூப்லெஸ் இல்லாமல் எங்கள் பக்கம் மண்பாதையில் ஓட்ட முடியாது. அமெரிக்காவின் சைக்கிள்காரர்கள் அஞ்சும் முட்செடி வேறெதுவும் அல்ல, நம் வயல் ஓரத்து நெருஞ்சிதான்; மருந்துக்குப் பறிக்கும் அதே செடி. போன மாசி மாதம் ஒரு நாள் வாய்க்கால் மதகின் மேல் உட்கார்ந்து முன் டயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நகத்தால் ஒவ்வொன்றாக நெருஞ்சிக் காய்களைக் கிள்ளி எடுத்தேன். பதினொன்று இருந்தன. ஒவ்வொன்றையும் எடுத்ததும் ஓட்டையில், அதை அடைப்பதற்காக டயருக்குள் ஊற்றி வைத்திருக்கும் பால் போன்ற சீலன்ட் நுரைத்து வந்து, சக்கரம் இரண்டு சுற்றுச் சுற்றுவதற்குள் உறைந்து நின்றது. டியூப் போட்டிருந்தால் அன்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் வந்திருப்பேன். சீமைக்கருவேல முள் வேறு வகை. நீளமாகப் பாய்ந்து, சில நேரம் டயரைத் துளைத்து, காற்றுக் கசியாமல் ரிம்மின் உள்ளே ஒட்டியிருக்கும் ரிம் டேப்பையும் குத்திவிடும். 23 மி.மீ. ரிம்முக்கு 25 மி.மீ. டேப்பை இழுத்துப் பிடித்து இரண்டு சுற்றுச் சுற்றுவது அதற்காகத்தான். சித்திரை வெயிலில் சீலன்ட் விரைவாகக் காய்ந்துவிடுவதால் கோடையில் மாதம் ஒரு முறை வால்வைத் திறந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

எடையைப் பற்றி ஒரு கணக்கு. ரிம்மிலும் டயரிலும் உள்ள எடை, முன்னோக்கி நகர்வதோடு சுழலவும் வேண்டியிருப்பதால், வேகம் கூட்டும்போது ஏறத்தாழ இரண்டு மடங்காகக் கணக்கில் வரும் என்பது உண்மை. ஆனால் சீரான வேகத்தில் மலை ஏறும்போது அது ஒரு மடங்குதான். நானும் சைக்கிளும் தண்ணீரும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொண்டால், சக்கரத்தில் 300 கிராம் குறைத்து ஒரு மணி நேர ஏற்றத்தில் நான் மிச்சப்படுத்துவது மிஞ்சிப்போனால் 13 அல்லது 14 வினாடி. அந்த 300 கிராமுக்காகக் கடைக்காரர் கேட்கும் கூடுதல் தொகையைக் கேட்டால் கார்பன் ரிம் வாங்குவதற்கு வேறு காரணம் வேண்டும் என்று தோன்றும். டிஸ்க் பிரேக் வந்த பிறகு இறக்கத்தில் ரிம் சூடாகும் கவலை கார்பனுக்கு இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் கல்லில் மோதி நெளிந்த அலுமினிய ரிம்மைப் பெரும்பாலும் ஓரளவு நிமிர்த்தி ஓட்டலாம். விரிசல் விட்ட கார்பன் ரிம்மை ஓட்டவே கூடாது.

உயரமான ரிம்மைப் பற்றி எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு சொல். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ஆனி, ஆடி மாதங்களில் எப்படி அடிக்கும் என்பதைப் பொள்ளாச்சிக்கும் உடுமலைக்கும் நடுவே நிற்கும் காற்றாலைகளே சொல்லும். நண்பர் ஒருவரின் 50 மி.மீ. உயர ரிம் கொண்ட சக்கரங்களை வாங்கி ஒரு நாள் ஓட்டிப் பார்த்தேன். தென்னந்தோப்பு முடிந்து திறந்த வெளி தொடங்கும் ஒவ்வோர் இடத்திலும், பக்கக் காற்று முன்சக்கரத்தைப் பிடித்துத் திருப்பியது. பேருந்து ஒன்று கடந்து போன கணத்தில் நான் சாலையின் நடுப்பக்கமாக இழுக்கப்பட்டேன். அன்றோடு என் வரம்பு 30 மி.மீ. என்று முடிவாயிற்று.

இனி நான் செய்த தவறான கொள்முதலைச் சொல்கிறேன். முதலில் வாங்கிய சக்கரங்களில் சக்கரத்துக்கு 20 ஸ்போக்குகள்தான்; அவையும் தலை வளையாத நேர் ஸ்போக்குகள். பார்க்க அழகாக இருந்தன. ஐந்தாவது மாதம் வாய்க்கால் மேட்டில் பின்சக்கரத்தில் ஒன்று அறுந்தது. ஸ்போக்குகள் அவ்வளவு குறைவாக இருக்கும்போது ஒன்று போனாலே ரிம் கோணிவிடும். டயர் ஃபிரேமில் உரசியது. நம் மெக்கானிக்குகள் போக்ஸ் கம்பி என்று சொல்லும் சாதாரண வளைந்த தலை ஸ்போக் எந்த ஊரிலும் கிடைக்கும்; இந்த நேர் ஸ்போக் கோவையிலும் கிடைக்கவில்லை. விற்ற நிறுவனத்துக்குப் பல முறை எழுதிய பிறகு, ஒரே ஒரு ஸ்போக்குக்காக ஆறு வாரம் சைக்கிள் சுவரில் தொங்கியது. அதனால் இப்போதுள்ள இரண்டு ஜோடிகளிலும் சக்கரத்துக்கு 28 வளைந்த தலை ஸ்போக்குகள், முனையில் 2.0, நடுவில் 1.8 மி.மீ. தடிமன், பித்தளை நிப்பிள் (ஸ்போக்கை ரிம்மில் பிடித்து இறுக்கும் சிறு திருகு). அலுமினிய நிப்பிள் எடை குறைந்ததுதான். ஆனால் ஈரமும் சீலன்ட்டும் பட்டு அரித்துப்போனால் கோட்டம் எடுக்கும்போது சாவியின் பிடியிலேயே உடைந்துவிடும்.

இரண்டு ஜோடி வைத்திருப்பவர்களுக்கு எல்லாவற்றையும்விட முக்கியமானது ஹப், அதாவது சக்கரத்தின் நடுவே அச்சைச் சுற்றிச் சுழலும் பகுதி. இரண்டு ஜோடியிலும் ஒரே ஹப் இருக்க வேண்டும். ஒரே நிறுவனம் என்பது போதாது, ஒரே மாடலாகவே இருக்க வேண்டும். முன்னால் 12×100, பின்னால் 12×142 மி.மீ. த்ரூ ஆக்சில் (ஹப்பின் ஊடே செல்லும் அச்சு) என்ற அளவு ஒன்றாக இருந்தாலும், ஒவ்வொரு ஹப்பிலும் பிரேக் தகடான டிஸ்க் ரோட்டார் உட்காரும் இடமும் பின் பற்சக்கர அடுக்கான கேசட் உட்காரும் இடமும் இம்மியளவு வேறுபடும். சக்கரத்தை மாற்றிப் போட்டவுடன் ரோட்டார் பிரேக் கட்டையில் உரசி ஒரு சுற்றுக்கு ஒரு முறை சிர்ரென்று சத்தமிடும்; கியர் இரண்டு பற்சக்கரங்களுக்கு நடுவே தடுமாறும். சனிக்கிழமை இரவு ஒவ்வொரு முறையும் பிரேக் கட்டையைத் தாங்கும் காலிப்பரைத் தளர்த்திச் சரிசெய்வதென்றால், கொஞ்ச நாளில் சக்கரம் மாற்றுவதையே விட்டுவிடுவோம். நான் இரண்டு ஜோடிக்கும் டிடி ஸ்விஸ் 350 ஹப் போட்டேன். அப்படியும் ஒரு முன் ரோட்டார் மட்டும் மெல்ல உரசியது, 0.2 மி.மீ. தகட்டு வாஷர் ஒன்றை ரோட்டாருக்கு அடியில் வைத்ததும் நின்றது. இந்த ஹப்பின் உள்ளே இரண்டு பல்வளையங்கள் ஒன்றையொன்று கடித்து இயங்குகின்றன. கேசட்டைத் தாங்கும் ஃப்ரீஹப்பைக் கையால் இழுத்தாலே கழன்று வரும்; பழைய கிரீஸைத் துடைத்துப் புதியதைத் தடவி மூடப் பத்து நிமிடம் போதும். வாய்க்கால் புழுதியில் ஓட்டுகிறவனுக்கு இந்த வசதி எடைக் குறைப்பைவிடப் பெரியது.

கேசட்டையும் ஜோடிக்கொன்றாகப் போட்டுவிடுங்கள். மாற்றி மாற்றிக் கழற்றுவது வேண்டாத வேலை. என் இரண்டு ஜோடியிலும் 11-34 கேசட்தான் (மிகச் சிறிய பற்சக்கரத்தில் 11 பல், மிகப் பெரியதில் 34). தாருக்கு நெருக்கமான பற்கள் வேண்டும் என்று 11-30 யோசித்தேன். வால்பாறை ஏற்றம் அந்த யோசனையைக் கைவிட வைத்தது. செயின் ஒன்றுதான் என்பதால் அது 0.5 சதவீதம் நீண்டவுடன் மாற்றிவிடுகிறேன். தாமதித்தால், தேய்ந்த செயின் இரண்டு கேசட்டையும் சேர்த்துத் தின்றுவிடும்.

இப்போது மண்பாதை ஜோடியில் 42 மி.மீ. டயரில் பின்னால் 32, முன்னால் 29 பி.எஸ்.ஐ. அடித்து ஓட்டுகிறேன். ஸ்போக்கின் நீளம் சக்கரத்தில் அது அமரும் இடத்துக்கு ஏற்ப வேறுபடுவதால் ஒவ்வொரு நீளத்திலும் இரண்டு உபரி ஸ்போக்குகளை எடுத்து, நீளத்தை எழுதிய காகிதத் துண்டோடு, ஃபிரேமில் பின்சக்கரத்துக்குப் போகும் செயின்ஸ்டே குழாயின் அடியில் டேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். இரண்டு வருடமாக அவை அங்கேயே இருக்கின்றன. டேப்பை மட்டும் ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் புதிதாக ஒட்டுகிறேன்.