மாடி ரூம் லைன் கடைசில ஜிகாபிட்ல ஏறிருச்சு: கலர் வரிசையும் கலப்பட வயரும்

மாடி ரூம் நெட்வொர்க் லைன் ஒருவழியா 1000 எம்பிபிஎஸ்ல, அதாவது ஜிகாபிட்ல, லிங்க் ஆயிருச்சு. 94ஐத் தாண்டவே மாட்டேன்னு நின்ன அதே சுவத்துப் பாயிண்ட்ல இப்ப ஐபெர்ஃப்னு வீட்டு லைன் ஸ்பீடு அளக்குற புரோகிராமை ஓட்டுனா 940 பக்கம் காட்டுது. ஜிகாபிட் போர்ட்டுல ஹெட்டர் (டேட்டாவோட சேந்து போற முகவரித் தகவல்) கணக்கெல்லாம் போக கையில கிடைக்கிற உச்சமே அம்புட்டுதான், அதுக்கு மேல வேணும்னா 2.5ஜி போர்ட்டுக்குத்தான் போகணும். ரொம்ப நாளா இழுத்துக்கிட்டு இருந்த வேலை, அதனால விலாவாரியா எழுதிருறேன், இதே கோளாறு நம்ம பக்கம் பல வீட்டுல சுவத்துக்குள்ள இருக்குன்னு எனக்கு இப்ப நிச்சயமாத் தெரியும்.

வீடு மதுரை திருநகர்ல. கீழ ஹால்ல ஓஎன்டி (கம்பெனி ஃபைபர் வந்து சேர்ற பெட்டி), ரவுட்டர். மாடில அக்கா மகன் வீட்டுல இருந்தே வேலை பாக்குறான், பிளான் 300 எம்பிபிஎஸ். வீடு கட்டும்போதே பைப்பு போட்டு கேட் 6 நெட்வொர்க் கேபிள் இழுத்து வச்சிருந்தாங்க, அதனால கேபிள் விஷயத்துல கவலை இல்லன்னுதான் எல்லாரும் இருந்தோம். லேப்டாப்ப வயர்ல சொருகினா 94. எப்ப போட்டாலும் 94. இதுல ஒண்ணு கவனிக்கணும், லைன் சரியில்லாம ஸ்பீடு குறைஞ்சா நம்பர் ஏறி இறங்கும், காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணு வரும். 94, 95ன்னு ஆணி அடிச்ச மாதிரி நின்னா அது கம்பெனிக்காரன் குறைக்கிறது இல்ல, வழியில ஏதோ ஒரு இடத்துல 100 எம்பிபிஎஸ் லிங்க் இருக்குன்னு அர்த்தம். அடாப்டர் ஸ்டேட்டஸ்ல போய் பாத்தா 100தான்.

கேபிளுக்குள்ள எட்டுக் கம்பி, ரெண்டு ரெண்டா முறுக்கின நாலு ஜோடி. 100 லிங்க்குக்கு ரெண்டு ஜோடி போதும், பின் நம்பர் 1, 2, 3, 6. ஜிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேணும். அதனால 4, 5, 7, 8ல ஏதாவது ஒண்ணு விட்டுருக்கும்னுதான் முதல்ல தோணும், எனக்கும் அப்படித்தான். டெஸ்டர் போட்டா எட்டு லைட்டும் வரிசையா, அழகா எரியுது. ஸ்விட்ச் மாத்தியாச்சு, பேட்ச் கார்டு மாத்தியாச்சு, சுவத்து ஜாக்கே புதுசு வாங்கி கையில வச்சுக்கிட்டு உக்காந்தாச்சு. அடாப்டர்ல 1000ன்னு கட்டாயப்படுத்துனா லிங்க்கே வரல. ஆட்டோவுல விட்டா ரெண்டு மூணு தரம் ஏறப் பாத்து, இறங்கி, 100ல போய் உக்காந்துக்குது. எட்டு கம்பியும் நல்லா இருக்கு, ஆனா ஜிகாபிட் வராதுன்னா என்ன அர்த்தம்?

பிளேட்டைக் கழட்டி கலரைப் பாத்ததும் விஷயம் புரிஞ்சுருச்சு. ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, நீல வெள்ளை, நீலம், பச்சை வெள்ளை, பச்சை, பிரவுன் வெள்ளை, பிரவுன். ஜோடி ஜோடியா, பாக்க ஒழுங்கா. கீழ் முனையிலயும் இதே வரிசை. டெஸ்டர் என்ன பாக்குது, இந்த முனை 3 அந்த முனை 3க்குப் போகுதான்னு மட்டும்தான் பாக்குது. போகுது, அதனால லைட்டு எரியுது. ஆனா நெட்வொர்க் கார்டுக்கு 3ம் 6ம் ஒரு ஜோடி, 4ம் 5ம் ஒரு ஜோடி. இந்த வரிசையில 3ல நீல வெள்ளை இருக்கு, 6ல பச்சை இருக்கு, ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு முறுக்கின கம்பியே இல்ல. கேபிளுக்குள்ள ஒவ்வொரு ஜோடியையும் வேற வேற அளவுல முறுக்கி வச்சிருக்கிறதே ஒரு ஜோடில போற சிக்னல் பக்கத்து ஜோடில ஏறிரக் கூடாதுன்னுதான். ஜோடியைப் பிரிச்சுப் போட்டா அந்த முறுக்குக்கே வேலை இல்லாமப் போயிருது, நீலமும் பச்சையும் ஒண்ணு மேல ஒண்ணு சத்தம் போட்டுக்கிட்டே இருக்கும். 100ல எப்படியோ தாக்குப்புடிக்கும், நாலு ஜோடிலயும் ஒரே நேரத்துல ரெண்டு பக்கமும் பேசுற ஜிகாபிட்ல தாக்குப்புடிக்காது.

அன்னைக்கு வேலை பாத்த எலக்ட்ரீஷியன் அண்ணன்கிட்ட போன்ல கேட்டேன். "ரெண்டு பக்கமும் ஒரே வரிசை இருந்தாப் போதும் தம்பி, நான் பாத்த எல்லா வீட்டுலயும் இப்படித்தான், லைட்டு எரியுதுல்ல?"ன்னாரு. வயரிங்ல கைதேர்ந்த மனுசன், இன்னைக்கு வரைக்கும் எங்க வீட்டுல ஒரு சுவிட்ச் சூடானது இல்ல. ஆனா இந்த "லைட்டு எரியுதுல்ல"ங்கிற பேச்சை நான் ஏத்துக்கவே மாட்டேன். சிசிடிவி கேமராவுக்கு 100 போதும், அதனால இந்த வரிசை வருசக்கணக்கா யாருக்கும் தெரியாமலே ஓடுது.

568பிங்கிற ஸ்டாண்டர்டு கலர் வரிசைக்கு மாத்தினேன்: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பிரவுன் வெள்ளை, பிரவுன். பச்சை ஜோடி நீலத்துக்கு அங்கிட்டும் இங்கிட்டும் காலை அகட்டி நிக்கணும், மொத்த சூட்சுமமும் அதுலதான். சுவத்துக்குள்ள வர்ற கேபிள்ல ஒவ்வொரு கம்பியும் பல இழை இல்லாத ஒத்தைக் கம்பி, அதுக்கு ஆர்ஜே45 (கேபிள் நுனில வர்ற பிளாஸ்டிக் பிளக்) கிரிம்ப் பண்ணாம, சுவத்துப் பிளேட்டுல உக்கார்ற கீஸ்டோன் ஜாக்தான் போட்டேன். மேல் தோலை உரிக்கும்போது உள்கம்பி மேல பிளேடு படக்கூடாது, லேசா ஒரு சுத்து கீறிட்டு வளைச்சா தானா விட்டுக்கும். அப்புறம் முறுக்கைப் பிரிக்கிறது. அரை இஞ்சுக்கு மேல பிரிக்கக் கூடாது. இடம் தாராளமா வேணும்னு ஒரு இஞ்சு, ஒன்றரை இஞ்சு பிரிச்சுட்டு வேலை பாக்குறவங்க நிறைய, அதுவும் கிட்டத்தட்ட அந்தப் பழைய கோளாறுதான், கொஞ்சம் சின்னதா. நான் ஜாக்கோட பல்லு வாயில வச்சே, ஜோடியை நடுவுல பிளந்து ரெண்டு பக்கமும் இறக்கினேன், முறுக்கு ஜாக் வரைக்கும் அப்படியே இருக்கும். பஞ்ச் டவுன் டூல்ல (கம்பியை ஜாக்குக்குள்ள குத்தி இறக்குற கருவி) வெட்டுற பக்கம் வெளிய பாத்து இருக்கணும், டக்குன்னு ஸ்பிரிங் அடிச்சு மிச்சக் கம்பி துண்டா விழுந்தா சரி. ஜாக் கூட ஓசியா வர்ற பிளாஸ்டிக் குத்தியை வச்சு அமுக்கி நேரத்தை வீணாக்காதீங்க, கம்பி பாதிதான் இறங்கும்.

ரெண்டு முனையும் முடிச்சு சொருகுனதும் 1000. கேபிள் அதேதான், ஒரு அடி கூடப் புதுசு இல்ல.

முன் ரூம் லைன் மட்டும் கலர் மாத்தியும் மசியல. கம்பியை பிளேடால லேசா சுரண்டிப் பாத்தேன், மேல செம்பு நிறம், உள்ள வெள்ளி மாதிரி பளபளன்னு. அலுமினியம், மேல செம்புப் பூச்சு. அலுமினியத்தோட கடத்துத்திறன் செம்புல சுமார் 60 சதவீதம்தான், ரெண்டு தரம் வளைச்சா முறியுது, இதுல பிஓஇ (நெட்வொர்க் கேபிள்லயே கரண்ட்டும் அனுப்புறது) குடுத்து ஏபி (வைஃபை குடுக்கிற பெட்டி) ஓட்டுறது நல்லதில்ல. புதுசு இழுக்கிறதைத் தவிர வழியில்ல. பழைய கேபிளையே இழுகயிறா வச்சு புதுசை அது நுனில கட்டி, முடிச்சு குண்டா வந்துறாம கம்பிகளை ஏத்த இறக்கமா வெட்டிச் சேத்து, டேப்பு சுத்தி, பவுடர் தட்டி ஒருத்தர் தள்ள ஒருத்தர் இழுக்க வந்துருச்சு. முரட்டுத்தனமா இழுத்தா முறுக்கே நீண்டுரும், மாமா தள்ளுறதுல ரொம்ப நிதானம், அதான் தப்பிச்சோம்.

கேபிள் டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு கடையில. 305 மீட்டர் பாக்ஸ் எனக்கு எதுக்கு, மீட்டர் கணக்குல வெட்டித் தந்தாங்க. கடையிலேயே நுனியைச் சுரண்டிப் பாத்துட்டுத்தான் காசு குடுத்தேன், "தாராளமாப் பாருங்க"ன்னு அவரே பிளேடு எடுத்துக் குடுத்தாரு, அந்த ஒரு காரணத்துக்காகவே மறுபடியும் அங்கதான் போவேன். தோல்ல மீட்டர் கணக்கு அச்சடிச்சிருக்கும், ஆரம்ப நம்பரையும் முடிவு நம்பரையும் கழிச்சுப் பாத்துக்கோங்க. பாக்ஸைத் தூக்கிப் பாத்தாலே தெரியும், அலுமினியம்னா காத்து மாதிரி இருக்கும்.

வைஃபை சுருக்கமா: முன்னாடி மெஷ் (வயர் இல்லாம ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிற வைஃபை பெட்டிகள்) வச்சிருந்தோம், மாடி யூனிட்டுக்கு சிக்னல் கான்கிரீட் தளத்தைத் தாண்டிப் போகணும், 5 கிகாஹெர்ட்ஸ் அங்கேயே பாதி செத்துரும். இப்ப கீழ ஒண்ணு மேல ஒண்ணு வைஃபை 6 ஏபி, ரெண்டும் வயர்ல. கீழ சேனல் 36, மேல 149, ரெண்டும் 80 மெகாஹெர்ட்ஸ் அகலம், ஒண்ணுக்கொண்ணு இடிக்காது. 2.4 கிகாஹெர்ட்ஸை 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்துல சேனல் 1, 11ன்னு பிரிச்சு பவரைக் குறைச்சு விட்டேன், இல்லேன்னா போன் கீழ இருக்கிற 2.4ஐயே புடிச்சுக்கிட்டு மாடிக்கு ஏறும். பேரும் பாஸ்வேர்டும் ரெண்டுக்கும் ஒண்ணுதான். மாடில போன்ல லிங்க் 1201 காட்டுது, பிளான்ல உள்ள 300 முழுசா வருது. மேல் ஏபியை இன்னும் தளத்துல மாட்டல, பீரோ மேலதான் இருக்கு, டிரில் போட ஆள் வரணும்.

அதுக்குள்ள அடுத்த வேலைக்கு மனசு தாவிருச்சு. பின்னாடி சித்தப்பா வீட்டுக்கும் லைன் குடுக்கணும். தூரம் 100 மீட்டருக்குள்ளதான், செம்பு கேபிளே எட்டும், ஆனா ரெண்டு வீட்டுக்கும் எர்த் வேற வேற, வெளிய திறந்த வெளியில போற செம்பு சித்திரை வைகாசி கோடை மழை இடிக்கு ரெண்டு பக்கத்து ஸ்விட்ச்சையும் சேத்துத் தூக்கிரும். ஃபைபர்தான் போடப்போறேன், சிங்கிள் மோடு, ரெண்டு முனையிலயும் மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரை செம்பு கேபிளுக்கு மாத்திக் குடுக்கிற பெட்டி). சித்தப்பா "எதுக்குடா கண்ணாடி வயரு, மாடு மிதிச்சா என்னாகும்"னு கேக்குறாரு, நியாயமான கேள்வி, தொழுவம் ஓரமா எச்டிபிஇ பைப்புல விட்டு ஒன்றரை அடி ஆழத்துல புதைக்கிறதா பேசியிருக்கோம். ரெண்டு கோர் (கண்ணாடி இழை) போதும்னாலும் நாலு கோரா இழுத்துருவேன், மறுபடி யாரு தோண்டுறது. மதுரையில ஃபைபரை முனை கனெக்டரோட ரெடியா, அளவு சொன்னா செஞ்சு குடுக்கிற கடை தெரிஞ்சா சொல்லுங்க, ஃபைபரை உருக்கி ஒட்டுற ஸ்ப்ளைசிங் மெஷின்காரரைக் கூப்பிடாம முடிச்சுரலாம்னு பாக்குறேன்.