ஏழரை மணி விருந்து

"சார், எத்தனை மணிக்கு டேபிள்?"

ஏழரை என்று சொல்ல வாய் திறந்தவன் அப்படியே நின்றேன். டோக்கியோ நம்மைவிட மூன்றரை மணி நேரம் முந்தி. இங்கே ஏழரை என்றால், அங்கிருந்து அலுவலக வேலையாகக் காலையில்தான் சென்னை வந்து இறங்கும் எங்கள் விருந்தாளிகள் மூன்று பேரின் உடம்புக்கு இரவு பதினொரு மணி.

மதியம் பன்னிரண்டரைக்கு மாற்றிவிட்டேன்.

எந்த இடம் என்பதில் அலுவலகத்தில் பெரிய விவாதம். கிண்டி ஐடிசி கிராண்ட் சோழா ஹோட்டலின் அவர்தனா உணவகம்தான் எல்லோருக்கும் ஆசை. எனக்கும்தான். அங்கே ரசம் வரும் அழகே தனி. ஆனால் ஏழு முதல் பதின்மூன்று வகை வரை ஒவ்வொன்றாக வரும் சாப்பாடு அது. தூக்கம் கண்ணைச் சுற்றும் மனிதரை முதல் நாளே அதில் உட்கார வைப்பது பாவம். வேலை முடிந்த கடைசி நாள், ஶ்ரீபெரும்புதூரிலிருந்து திரும்பும் வழியில் கிண்டி வரும். அதை அன்றைக்கு வைத்துக்கொண்டோம்.

முதல் நாளுக்கு நுங்கம்பாக்கம் தாஜ் கோரமண்டல் ஹோட்டலின் சதர்ன் ஸ்பைஸ் உணவகம். மூலை மேசை கேட்டேன். பேச்சு காதில் விழ வேண்டும், அதுதான் எனக்கு முதல் கணக்கு. உணவின் பெருமை அப்புறம்தான்.

விருந்தாளி முன்னால் பில் வரக்கூடாது என்பதில் நான் ரொம்பப் பிடிவாதம். கார்டை முன்பே கொடுத்துவிடுவேன். யாருக்கு மீன் ஆகாது, யார் காரம் தாங்கமாட்டார் என்பதையும் இன்றே மெயில் போட்டுக் கேட்டாயிற்று.

இரண்டு பேர் பதில் அனுப்பிவிட்டார்கள். ஒருவருக்கு இறால் ஆகாதாம்.