சிறிய பேஸ் ஆம்ப் வாங்கிய கதை

பேஸ் கிட்டார் கற்கத் தொடங்கியபோது, வீட்டில் ஏற்கெனவே இருந்த கிட்டார் ஆம்பிலேயே (ஒலியைப் பெருக்கும் ஸ்பீக்கர் பெட்டி) அதைச் செருகி வாசித்துவிடலாம் என்றுதான் எண்ணினேன். குறைந்த ஒலியளவில் அது தற்காலிகமாக உதவும். ஆனால் நான்கு தந்திப் பேஸின் தடித்த ‘ஈ’ (E) தந்தி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் அதிர்வதால், ஒலியைக் கூட்டியதும் கிட்டாருக்கென வடிவமைத்த ஸ்பீக்கரின் கூம்பு அளவுக்கு மீறி முன்னும் பின்னும் அசைந்து, முதலில் கரகரத்து, பின்னர் பழுதாகியும் போகலாம்.

எனவே புதிதாகத் தேடும்போது, வாட் எண்ணிக்கையைவிட ஸ்பீக்கரின் விட்டத்தையும் பெட்டியின் அளவையுமே முதலில் பார்த்தேன். ரோலண்ட் மைக்ரோ கியூப் பேஸ் ஆர்எக்ஸ் என்ற சிறிய ஆம்பில் 4 அங்குல ஸ்பீக்கர்கள் நான்கு இருக்கின்றன. 6 ஏஏ பேட்டரிகளில் இயங்குவதால் மொட்டைமாடிக்கும் எடுத்துச் செல்லலாம். இத்தகைய சிறு கூம்புகளால் 41 ஹெர்ட்ஸை முழு வலுவுடன் எழுப்ப இயலாது. 82, 123 ஹெர்ட்ஸ் போன்ற அதன் மடங்குகளைக் கேட்டு, விடுபட்ட அடிச்சுரத்தை நம் மூளையே நிரப்பிக்கொள்கிறது. (நம் காதை இவ்வளவு எளிதாக ஏமாற்றலாம் என்பது எனக்கு வியப்பாக இருந்தது.)

நான் பெரும்பாலும் அறைக்குள்ளேயே வாசிப்பவன் என்பதால், 8 அங்குல ஸ்பீக்கர் கொண்ட ஃபெண்டர் ரம்பிள் 25-ஐத் தேர்ந்தெடுத்தேன். ஹெட்போன் செருகும் வசதி இருப்பதால், சுவரையும் தரையையும் ஊடுருவும் தாழ்ந்த ஒலியால் இரவில் கீழ்வீட்டுக்காரரின் பொறுமையைச் சோதிக்க வேண்டியதில்லை. டிரம்ஸ் வாசிப்பவருடன் ஒத்திகை பார்க்க 25 வாட் போதாது. இப்போதைக்கு என்னுடன் வாசிக்கத் தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோம் மட்டுமே இருக்கிறது.