படலைக்கு வெளியே

குடியிருப்பொன்றைத் திட்டமிடுபவர்கள் முதலில் வீடுகளை எண்ணுகிறார்கள்; அதன்பின் வீதி, குழாய்நீர், மின்சாரம் என்று பட்டியல் நீள்கிறது. இவை யாவும் வேண்டியவைதாம். ஆனால், அங்கே குடியேறும் குடும்பங்கள் தழைக்குமா, ஒடுங்குமா என்பதைப் பெரும்பாலும் படலைக்கு வெளியே உள்ளவையே தீர்மானிக்கின்றன என்பது திருகோணமலையில் வாழ்ந்து நான் வந்தடைந்த எண்ணம்.

2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர், வடக்கிலும் கிழக்கிலும் கரையிலிருந்து 200 மீற்றருக்குள்ளும், தெற்கில் 100 மீற்றருக்குள்ளும் வீடு கட்டக்கூடாது என்று அரசாங்கம் அறிவித்தது. பிறகு அந்த எல்லையைத் தளர்த்தியது. அலை கொண்டுபோன உயிர்களை நினைத்தால் அந்த அச்சத்தில் பிழை காண முடியாது. ஆயினும், முற்றத்தில் நின்றே கடலின் நிறத்தையும் காற்றின் போக்கையும் பார்த்து, வலை இழுக்க அயலவரைக் குரல் கொடுத்து அழைத்து, மீன் கரையேறியதும் பெண்கள் வந்து தரம் பிரித்து, மிஞ்சியதைக் கருவாட்டுக்குப் போடுகிற தொழில் கரைவலை. வீடு உள்ளே தள்ளிப்போனால், வலையையும் இயந்திரத்தையும் காக்க யாராவது இரவில் கரையோரக் குடிசையான வாடியில் படுக்க வேண்டும். கரைக்குப் போய்வரும் முச்சக்கரவண்டிக் கூலிக்கே போதாது என்று பெண்களின் சிறு வருமானம்தான் முதலில் நின்றுபோகும்.

இதை முன்கூட்டியே அறிய வழியில்லாமல் இல்லை. 1950களில் கண்டி வட்டபுலுவவில் அரசாங்க ஊழியர்களுக்கான வீடமைப்புத் திட்டத்தை வடிவமைத்த கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வா, பல இனங்களையும் சேர்ந்த அவர்களிடம் வினாக்கொத்து மூலம் வாழ்க்கைமுறையைக் கேட்டறிந்து, அதற்கேற்பவே வீட்டு வகைகளை வரைந்தார். கேட்டுவிட்டு வரைவது இன்றும் ஒரு புதுமையாகப் பேசப்படுவதுதான் எனக்கு வியப்பு.

கிண்ணியாப் பாலம் போன்ற பெரிய வேலைகளின் பயன் உடனே தெரிந்துவிடும். 396 மீற்றர் நீளமான அந்தப் பாலம் 2009 இல் திறக்கப்பட்டபோது, ‘பாதை’ எனப்படும் மிதவைப் படகுக்காகக் காத்துநின்ற காலம் முடிந்தது. சிறியவை அப்படியல்ல. கச்சான் காற்று அனலாய் வீசும் மாதங்களில் இங்கே நிழலில்லாத பொதுவெளிக்கு எவரும் வருவதில்லை. மாறாக, டச்சு விரிகுடாக் கரையில் வெயில் தாழ்ந்ததும் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் குடும்பமாக வந்து மணலில் அமர்கிறார்கள். அனுமதிச் சீட்டில்லை, வந்த காரணத்தை யாருக்கும் சொல்ல வேண்டியதுமில்லை. நல்லிணக்கத்துக்கென்று நடத்தப்படும் கூட்டங்களைவிட (தேநீரும் வடையும் அவற்றில் நன்றாகவே இருக்கும்) இந்த மணல்மேல் எனக்கு நம்பிக்கை அதிகம்.

புதிய குடியிருப்புகளில் பொதுநோக்கு மண்டபம் ஒன்றைக் கட்டிப் பூட்டிவிட்டுத் திறப்பைச் சங்கத் தலைவரிடம் கொடுத்துவிடும் வழக்கத்தை நான் விரும்புவதில்லை. கூட்டம் நடக்கும் நாளில் மட்டுமே அது ஊருக்குச் சொந்தம். அதே பணத்தில் சந்தியோரமாக, பூட்டப்படாத விறாந்தையுடன் ஒரு வாசிகசாலையைக் கட்டலாம். வாசலில் இரண்டு வேம்புகளை நட்டு, கரைக்குப் போகும் ஒழுங்கை அதன் முன்னால் செல்லும்படி வரைபடத்தைத் திருத்தலாம்.