ஆல்டர்னேட்டரைக் கழற்றுவதற்கு முன்

பழைய காரில் காலையில் செல்ஃப் எடுக்கவில்லை என்றால் பழி முதலில் பேட்டரி மேல் விழும். புது பேட்டரியும் நாலு நாளில் இறங்கினால் ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் கருவி) மேல். இரண்டுக்கும் நடுவே ஓடும் ஒயரை யாரும் சந்தேகப்படுவதில்லை.

வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்துப் பேட்டரியை அளக்கவும். 12.6 முழு சார்ஜ், 12.2 ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே என்றால் வெளி சார்ஜரில் ஏற்றிவிட்டுத்தான் மற்றதெல்லாம். காலியான பேட்டரியை வைத்து எடுக்கும் அளவை நம்ப முடியாது.

பிறகு ஸ்டார்ட் செய்து 1,500 ஆர்பிஎம்-ல் அளந்தால் 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். 15-ஐத் தாண்டினால் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைச் சந்தேகிக்கலாம். பேட்டரி தண்ணீர் சீக்கிரம் வற்றும், பல்புகள் அடிக்கடி போகும். எஞ்சின் ஓடும்போதே பேட்டரி ஒயரைப் பிடுங்கி 'வண்டி நிற்கிறதா பார்' என்பது ஆல்டர்னேட்டருக்கு முன் இருந்த டைனமோ காலத்துச் சோதனை. ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் அப்படிச் செய்தால் வோல்ட்டேஜ் ஒரு கணம் எகிறி, உள்ளே ஏசி-யை டிசி ஆக்கும் டயோடைக் கொன்றுவிடும்.

அளவு குறைந்தால் முதலில் ஆல்டர்னேட்டரைச் சுற்றும் பெல்ட். ஓரம் கண்ணாடி மாதிரி பளபளத்தால் வழுக்குகிறது என்று அர்த்தம். அடுத்து டாஷ்போர்டில் உள்ள சார்ஜ் லைட். சாவியை ஆன் செய்து, ஸ்டார்ட் செய்யாமல் பார்த்தால் அது எரிய வேண்டும். எரியாததை நல்ல சேதி என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. பல பழைய வண்டிகளில் ஆல்டர்னேட்டருக்கு ஆரம்ப மின்சாரம் அந்த பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு போனால் சார்ஜும் வராது, வந்தாலும் நன்றாக ரேஸ் கொடுத்த பிறகுதான்.

இப்போது ஒயர். எஞ்சின் ஓட, ஹெட்லைட்டும் காருக்குள் காற்றடிக்கும் ஃபேனும் போட்டு, மீட்டர் ஒயரின் ஒரு முனை முள்ளை ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயர் போல்ட்டிலும் மற்றதைப் பேட்டரியின் பிளஸ் முனையிலும் வைக்கவும். கிளாம்ப்பில் அல்ல, ஈய முனையிலேயே. பெல்ட்டுக்கும் எஞ்சின் ஃபேனுக்கும் கை தள்ளியே இருக்கட்டும். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் எங்கோ தடை. ஆல்டர்னேட்டரில் 14.3, பேட்டரியில் 13.2 என்றால் 1.1 வோல்ட் நடுவில் சூடாகித் தொலைகிறது. முள்ளை இணைப்பு இணைப்பாக நகர்த்திக்கொண்டே வந்தால் எங்கே அளவு எகிறுகிறதோ அங்கே கோளாறு. பெரும்பாலும் லக் (ஒயர் முனையில் அழுத்திய, போல்ட்டில் மாட்டும் உலோக வளையம்) அருகில் ஒயர் உறை உப்பியிருக்கும்; கீறிப் பார்த்தால் உள்ளே பச்சைத் தூள், பாதி இழைகள் அறுந்து கிடக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது வீண். செம்பு பளிச்சென்று தெரியும் வரை வெட்டிப் புது லக் அழுத்த வேண்டும். மைனஸ் பக்கம் ஆல்டர்னேட்டர் உடம்புக்கும் பேட்டரி மைனஸ் முனைக்கும் இதே சோதனை, 0.2-க்கு மேல் கூடாது. எஞ்சினை இறக்கி ஏற்றிய வண்டியில் எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையைத் திரும்ப மாட்டாமல் விட்டிருப்பார்கள், அதையும் பார்த்துவிடுங்கள்.

இதெல்லாம் சரி என்றால்தான் ஆல்டர்னேட்டர். மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி, விளக்குகள் எரிய, பேட்டரியில் வைத்தால் 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டுவது டயோடு போனதன் அடையாளம். சில மலிவு மீட்டர்கள் ஏசி-யில் வைத்தாலும் டிசி-யைக் காட்டித் தொலைக்கும். எஞ்சின் அணைந்திருக்கும்போது பூஜ்யம் வருகிறதா என்று முதலில் பாருங்கள். கார்பன் பிரஷ் (உள்ளே சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு) 5 மில்லிமீட்டருக்குக் குறைந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். பிரஷ் உரசும் வளையமான ஸ்லிப் ரிங்கில் பள்ளம் விழுந்திருந்தால் புது பிரஷும் நிற்காது.

ஓட்டும்போது சார்ஜ் சரி, இரவில் மட்டும் இறங்குகிறது என்றால் எல்லாவற்றையும் அணைத்து, மைனஸ் ஒயரைக் கழற்றி, 10 ஆம்பியர் துளையில் மாட்டிய மீட்டரை அந்த ஒயருக்கும் மைனஸ் முனைக்கும் இடையில் கோக்கவும் (அந்த நிலையில் செல்ஃப் அடித்தால் மீட்டரின் ஃபியூஸ் போகும்). 50 மில்லிஆம்பியருக்கு மேல் ஓடினால் கசிவு. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கியும் குறையவில்லையா? மீட்டரை விலக்கி, ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயரைக் கழற்றி டேப் சுற்றிவிட்டு மறுபடி அளக்கவும். இப்போது சட்டென்று இறங்கினால் உள்ளே டயோடு ஷார்ட். இனி தாராளமாக ஆல்டர்னேட்டரைக் கழற்றலாம்.