‘எனில்’ என்ற சொல்லுக்கு முன்னும் பின்னும்

மலேசியப் பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மின் கூடுதல் கணிதத் தாளில் நிகழ்தகவுக் கேள்விகள் ஏறக்குறைய ஒரே வார்ப்பில் வரும். ஒரு தோட்டத்து மாம்பழங்களின் எடை மணி வடிவ இயல்நிலைப் பரவலில் அமைந்துள்ளது. சராசரி 300 கிராம், திட்டவிலக்கம் (சராசரியைச் சுற்றிய சிதறலின் அளவு) 40 கிராம் எனில், 350 கிராமுக்கு மேற்பட்ட பழங்கள் எத்தனை விழுக்காடு? 50ஐ 40ஆல் வகுத்தால் 1.25. அட்டவணையைப் பார்த்தால் 10.56 விழுக்காடு. முழு மதிப்பெண்.

அந்தக் கேள்வியில் கனமான சொல் ‘எனில்’. அதற்குப் பின்னால் வருவது கணிதம். அதற்கு முன்னால் நடந்திருக்க வேண்டியது புள்ளியியல். 300 எங்கிருந்து வந்தது, எத்தனை பழங்களை நிறுத்தார்கள், எந்த மரத்துப் பழங்கள், தராசு சரிதானா, அழுகியதை ஒதுக்கிவிட்டு நிறுத்தார்களா, எடைகள் உண்மையிலேயே மணி வடிவில்தான் பரவிக் கிடக்கின்றனவா? இத்தனைக்கும் யாரோ பதில் தேடி முடித்த பிறகுதான் ‘எனில்’ என்று எழுத முடியும். வீட்டில் பெரியவர்கள் “ரெண்டும் கணக்குதானே” என்பார்கள். பல்கலைக்கழகத்திலும் இரண்டும் பெரும்பாலும் ஒரே கட்டடத்தில்தான் கற்பிக்கப்படுகின்றன. இரண்டும் வெவ்வேறு பழக்கங்கள் என்பது வேலையிடத்தில்தான் புலப்படும்.

பினாங்கில் அதைக் கண்ணால் பார்க்க ஏற்ற இடம் பாயான் லெப்பாஸ். 1970களின் தொடக்கத்திலிருந்து சிப்புகளைப் பொருத்துவதும் சோதிப்பதுமாக இயங்கும் வட்டாரம். அங்கே சிப்புக்குக் கம்பி ஒட்டும் வயர் பாண்டிங் லைனில் நடக்கும் ஒரு சிறிய சோதனையை எடுத்துக்கொள்வோம். சிப்பிலிருந்து வெளிக்கால்களுக்குப் போகும் கம்பியின் தடிப்பு 25 மைக்ரான், தலைமுடியைவிட மெல்லியது. வில்லாக வளைந்து நிற்கும் அந்தக் கம்பிக்கு அடியில் ஒரு சின்ன ஹூக்கை நுழைத்து, அறுகிறவரை மேலே இழுப்பார்கள். அறுந்த கணத்தின் விசையைக் கருவி கிராமில் காட்டும். எங்கே அறுந்தது என்பதையும் ஆப்பரேட்டர் ஓர் எண்ணால் குறிப்பார்: சிப்பின்மேல் கம்பி ஒட்டியிருக்கும் பந்து பெயர்ந்ததா, பந்தின் கழுத்தில் அறுந்ததா, நடுக்கம்பியிலா, மறுமுனைத் தையலிலா.

30 கம்பிகள் இழுத்தாயிற்று. சராசரி 9 கிராம், திட்டவிலக்கம் 1.5 கிராம், கீழெல்லை 3 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 9இல் 3 போக 6. அதைத் திட்டவிலக்கத்தின் மும்மடங்கான 4.5ஆல் வகுத்தால், எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறோம் என்று சொல்லும் சிபிகே என்ற எண் 1.33. வாடிக்கையாளர் கேட்டதும் அதுதான். கணிதம் படித்து வந்தவர் இன்னும் ஒரு படி போவார்: கீழெல்லை சராசரிக்கு 4 திட்டவிலக்கங்கள் கீழே இருப்பதால், ஒரு மில்லியன் கம்பிகளில் ஏறத்தாழ 32 கம்பிகள் எல்லைக்குக் கீழே அறும். கணக்கில் ஒரு பிழையும் கிடையாது.

புள்ளியியலாளரின் விரல் அந்த 32இன் மேல்தான் போய் நிற்கும். 30 கம்பிகளை இழுத்துவிட்டு ஒரு மில்லியனைப் பற்றிப் பேசுகிறோம். மணியின் வால் அவ்வளவு தொலைவில் எப்படி இருக்கும் என்பதற்கு நம் கையில் ஓர் அளவீடுகூட இல்லை. நடுப்பகுதி மணியாகத் தெரிந்ததால் வாலையும் அப்படியே வரைந்துகொண்டோம். அடுத்து, 1.33 என்ற எண் எவ்வளவு ஆடும் என்று பார்ப்பார். 30 அளவீடுகளுக்கு 95 விழுக்காட்டு நம்பக இடைவெளி ஏறத்தாழ 0.97 முதல் 1.70 வரை. ஆக, அறிக்கையில் உள்ள 1.33 உண்மையில் 1.0ஆகவும் இருக்கலாம், 1.6ஆகவும் இருக்கலாம்.

பிறகு எழுந்து லைனுக்குப் போவார். அங்கேதான் பெரிய செய்திகள் கிடக்கும். 30 கம்பிகளும் 30 வெவ்வேறு சிப்புகளிலிருந்து வந்தவையா? பெரும்பாலும் இருக்காது. மேகஸின் எனும் அடுக்குப் பெட்டியில் கைக்கு எட்டும் முதல் ஸ்ட்ரிப்பை (சிப்புகள் வரிசையாக ஒட்டிய பட்டையை) உருவி, அதில் 5 சிப்புகளில் சிப்புக்கு 6 கம்பி என்று இழுத்திருப்பார்கள். ஒரே சிப்பின் கம்பிகள் ஒரே வெப்பத்தில், ஒரே நிமிடத்தில் ஒட்டப்பட்டவை, ஒன்றுபோலவே நடந்துகொள்ளும். அவற்றுக்குள் இருக்கும் ஒட்டுறவு 0.5 என்றால், சிப்பில் மீதமுள்ள 5 கம்பிகளை 0.5ஆல் பெருக்கி 1ஐக் கூட்டி, வரும் 3.5ஆல் 30ஐ வகுக்க வேண்டும். சராசரியைப் பொறுத்தவரை அந்த 30 கம்பிகளின் மதிப்பு 9 கம்பிகளுக்கும் குறைவு. அந்த ஸ்ட்ரிப், கம்பியை ஒட்டும் முனையான கேப்பிலரியைப் புதிதாக மாட்டியவுடன் ஓடியது என்றால் நிலைமை இன்னும் மோசம். தேய்ந்த கேப்பிலரி போடும் பாண்ட் அந்த அட்டவணைக்குள் வரவே இல்லை.

ஆப்பரேட்டரிடம் கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்று உண்டு. “அக்கா, ஹூக் நழுவிருச்சுன்னு எத்தனை அளவீட்டை அழிச்சீங்க?” ஹூக் நழுவுவது வழக்கமான சங்கதிதான்; அப்போது கருவி 2 கிராம், 3 கிராம் என்று காட்டும், அதை அழிப்பதில் தவறில்லை. ஆனால் நழுவியிருந்தால் கம்பி நெளிந்திருக்குமே தவிர அறுந்திருக்காது. மைக்ராஸ்கோப்பில் பார்த்து, அறுந்த கம்பியின் அளவீடு அழிக்கப்பட்டிருந்தால், நாம் தேடிக்கொண்டிருந்த வாலையே யாரோ நறுக்கிவிட்டார்கள் என்று பொருள். எந்தச் சூத்திரமும் அதைத் திருப்பித் தராது. அழித்த அளவீடுகளுக்கென்று தனிப் பத்தி வைக்கச் சொல்வது சின்ன வேலை. எனக்குத் தெரிந்தவரை அதைவிடப் பயன் தரும் மாற்றம் குறைவு.

அளவுக் கருவியைச் சோதிப்பதிலும் இப்படியொரு சிக்கல் உண்டு. பொதுவாக 10 பொருள், 3 ஆட்கள், ஆளுக்கு 3 முறை, ஆக 90 அளவீடுகள் எடுத்து, மொத்த மாறுபாட்டில் கருவியின் பங்கு 10 விழுக்காட்டுக்குக் கீழா, 30 விழுக்காட்டைத் தாண்டியதா என்று பார்ப்பார்கள். இழுவைச் சோதனையில் கம்பி ஒரு முறைதான் அறும்; அதே கம்பியை இரண்டாம் முறை அளக்க வழியில்லை. பக்கத்துக் கம்பியை ‘அதே கம்பி’யாக வைத்துக்கொள்வார்கள். கம்பிக்குக் கம்பி உள்ள வேறுபாடு முழுவதும் கருவியின் பிழைக் கணக்கில் ஏறிவிடும். குற்றமற்ற கருவி அளவுத்திருத்தத்துக்குப் போய், ஒரு வாரம் லைன் தவிக்கும்.

இதையெல்லாம் வைத்துக் கணிதவியலாளர் களத்துக்கு ஆகாதவர் என்று முடிவு கட்டினால் அது பெரிய தவறு. அதே இழுவைச் சோதனையில் இரண்டு மெஷின்களின் சராசரிகள் வேறுபடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். புள்ளியியலாளர் வேறுபாடு தற்செயலானதில்லை என்று காட்டிவிட்டு மெஷினைச் சந்தேகிப்பார். கணிதவியலாளர் ஒரு தாளில் முக்கோணம் வரைவார். கம்பியின் இரு பக்கமும் கிடைமட்டத்தோடு 30 பாகைக் கோணத்தில் நின்றால், ஹூக் உணரும் விசை கம்பியின் இழுவிசைக்குச் சமம். கோணம் 45 பாகையானால் அதே கம்பிக்கு ஹூக் 1.41 மடங்கு காட்டும். 8 கிராமில் அறும் கம்பி ஒரு மெஷினில் 8 என்றும், வில்லை உயரமாகப் போடும் மெஷினில் 11.3 என்றும் பதிவாகும். பாண்ட் வலிமையில் வேறுபாடே இல்லை. இந்த இரண்டு வரி முக்கோணவியல் இல்லாவிட்டால், நூறு அளவீடுகள் கூடுதலாக எடுத்தாலும் தவறான முடிவு இன்னும் உறுதிப்படும், அவ்வளவுதான்.

லைன் தடம் மாறுகிறதா என்று அளவீடுகளைப் புள்ளிகளாகக் குறித்துப் பார்க்கும் கட்டுப்பாட்டு வரைபடங்களும் அப்படித்தான். 3 சிக்மா எல்லை, அதாவது சராசரிக்கு இருபுறமும் 3 திட்டவிலக்கம், வைத்தால், எல்லாம் சரியாக ஓடும்போதும் சராசரியாக 370 புள்ளிகளுக்கு ஒரு முறை பொய் அலாரம் அடிக்கும். லைனில் 40 வரைபடங்கள், ஷிப்டுக்கு 12 புள்ளிகள் என்றால் 480 புள்ளிகள். சராசரியாக ஷிப்டுக்கு ஒரு பொய் அலாரமாவது வரும். இன்னும் கூர்மையாகப் பார்ப்போம் என்று புள்ளிகள் தொடர்ந்து ஒரே பக்கம் விழுவது போன்றவற்றையும் பிடிக்கும் வழக்கமான நான்கு விதிகளையும் மென்பொருளில் டிக் செய்தால், 370 என்பது 92ஆகக் குறையும். ஷிப்டுக்கு ஐந்து அலாரம். இரண்டு வாரத்தில் சூப்பர்வைசர் எந்த அலாரத்துக்கும் எழுந்து வரமாட்டார். அந்த 92 மார்க்கோவ் சங்கிலி என்ற நிகழ்தகவுக் கணிதம் வழியாக வந்த எண். லைனில் உட்கார்ந்து எண்ணிக் கண்டுபிடித்ததில்லை.

இரண்டு பழக்கங்களும் எப்படிச் சந்திக்கின்றன என்பதற்கு டப்ளின் கின்னஸ் மதுவாலையில் வேலை பார்த்த கோசெட்டைவிட நல்ல சான்று கிடையாது. வேலையில் அவருக்குக் கிடைத்தவை நாலைந்து அளவீடுகள்தான். அன்றிருந்த சூத்திரங்களோ பெரிய மாதிரிகளுக்கானவை. 1908இல் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் சிறிய மாதிரிகளுக்கான பரவலை வெளியிட்டார். அதன் ஒரு படியை அவரால் முழுமையாக நிறுவ முடியவில்லை. வளைவு இப்படித்தான் இருக்கும் என்று கணித்தார். சரிபார்க்க, 3,000 குற்றவாளிகளின் உயரத்தையும் இடக்கை நடுவிரல் நீளத்தையும் அட்டைத் துண்டுகளில் எழுதிக் கலைத்து, நான்கு நான்காக 750 மாதிரிகள் எடுத்து ஒப்பிட்டார். பொருந்தியது. 1912இல் கேம்பிரிட்ஜ் மாணவராக இருந்த ஃபிஷர், பல பரிமாண வடிவியல் கொண்டு அதற்கு நிறுவல் எழுதிக் கோசெட்டுக்கு அனுப்பினார். ஒருவர் அட்டையைக் கலைத்தார்; இன்னொருவர் வடிவியலில் கண்டார். சிறிய மாதிரிகளுக்கு இன்று நாம் நம்பிப் பயன்படுத்தும் அந்தப் பரவலின் டி அட்டவணைக்கு இருவரும் வேண்டியிருந்தார்கள். நம் பக்கத்து ஆளையும் சொல்ல வேண்டும்: ஆந்திராவில் கணிதம் படித்து 1941இல் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் சேர்ந்த சி.ஆர்.ராவ். அளவீடுகளிலிருந்து ஒரு மதிப்பை அதிகபட்சம் எவ்வளவு துல்லியமாக அறிய முடியும் என்பதற்கு அவர் 1945இல் எல்லை கண்டார். ராமானுஜன் பெயர் தெரிந்த நம் வீடுகளில் இந்தப் பெயரும் ஒலிக்க வேண்டும்.

தொழிற்சாலைக்கு வெளியே ஒரு கணக்கு. தைப்பூசத்தன்று பினாங்குத் தண்ணீர்மலைச் சாலையில் பந்தல் போட்டு அன்னதானம் செய்பவர்களுக்கு மொத்தம் எத்தனை பேர் வருவார்கள் என்பது வாழ்வா சாவா என்கிற கேள்வி. பரப்பளவையும் நெரிசலையும் பெருக்கினால் ஒரு கணத்தில் நிற்பவர்கள் கிடைப்பார்கள். சராசரியாக 20,000 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய தேற்றப்படி, அதை 24 மணி நேரத்தால் பெருக்கி, ஒருவர் தங்கும் சராசரி நேரத்தால் வகுத்தால் மொத்த வருகை. 4 மணி நேரம் என்றால் 120,000 பேர். தேற்றம் அசைக்க முடியாதது.

அந்த 4ஐ எப்படி அறிவது? சாலையில் நிற்பவர்களை மறித்து, மொத்தம் எவ்வளவு நேரம் இருப்பீர்கள் என்று கேட்பதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். வருகிறவர்களில் பாதிப் பேர் 1 மணி நேரமும் மறுபாதி 7 மணி நேரமும் தங்கினால் உண்மைச் சராசரி 4. ஆனால் 7 மணி நேரம் நிற்பவர் நம் கண்ணில் படும் வாய்ப்பு 7 மடங்கு. சாலையில் கேட்டால் 8 பேரில் 7 பேர் நெடுநேரம் தங்குபவர்களாகவே அகப்படுவார்கள், சராசரி 6.25 மணி என்று வரும். அதை அந்தத் தேற்றத்தில் போட்டால் 76,800 பேர்தான். 43,200 பேர் கணக்கிலேயே இல்லாமல் போகிறார்கள். ஆகவே தாளும் பேனாவுமாக நிற்க வேண்டிய இடம் சாலையின் நடு இல்லை. கூட்டம் கலைந்து வெளியேறும் முனையில் நின்று, போகிறவர்களிடம் எத்தனை மணிக்கு வந்தீர்கள் என்று கேட்க வேண்டும்.